முதல் கேஸ் ரிப்போர்ட்: வார்டு கையெழுத்திலிருந்து பப்மெட் வரை

ரவுண்ட்ஸில் யூனிட் சீஃப் ஒரு கட்டிலருகே நின்று, "நல்ல கேஸ், எழுதிடுங்க" என்பார். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். ஒரு நோயாளியின் நோயையும் சிகிச்சையையும் மருத்துவ ஜர்னலுக்குக் கட்டுரையாக எழுதும் கேஸ் ரிப்போர்ட்டைத்தான் சொல்கிறார். அதற்கப்புறம் எல்லாம் உங்கள் பாடு. யாரிடம் என்ன கடிதம் வாங்குவது, போட்டோவை எப்படி எடுப்பது, எந்த ஜர்னலுக்கு அனுப்புவது, கைக்காசு எவ்வளவு போகும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. நான் ஒவ்வொரு மேசையாக அலைந்து விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களை மனதில் வைத்து எழுதியது இது.

எல்லோரும் எழுதுவதுதான் கஷ்டம் என்று பயப்படுகிறார்கள். எழுத்து வேலை ஓரிரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். முயற்சி பாதியில் நிற்பதெல்லாம் வேறு காரணங்களால்: நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், சம்மதக் கையெழுத்து இல்லை, போன் நம்பர் மாறிவிட்டது, இருக்கும் ஒரே போட்டோ மங்கல். ஆகவே கீழே உள்ள முதல் நான்கு படிகளை நோயாளி வார்டில் இருக்கும்போதே முடித்துவிடப் பாருங்கள்.

1. எழுதத் தகுந்த கேஸ்தானா என்று ஒரு மாலை தேடிப் பாருங்கள்

அபூர்வமாக இருப்பது மட்டும் போதாது. இதைப் படிக்கும் இன்னொரு மருத்துவர் நாளைக்குத் தன் வார்டில் எதை மாற்றிச் செய்வார் என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் இருக்க வேண்டும். சாதாரண நோய் விசித்திரமாக வெளிப்பட்டது, ஒரு மருந்தின் எதிர்பாராத பக்கவிளைவு, நோயறிதல் ஏன் தாமதமானது என்பது, நம் ஊருக்கே உரிய ஒரு நஞ்சு அல்லது தொற்று, இப்படி ஏதாவது ஒன்று.

தேடலுக்கு மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட் போதும், செலவு இல்லை. தேடும்போது எல்லாப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். நம் மாவட்டங்களில் பார்க்கும் ஒடுவன் தழை நஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் பெயரான கிளைஸ்டாந்தஸ் கொலினஸ் என்று தேடினால் சில கட்டுரைகள் வரும். ஒடுவன், ஒடுவந்தழை என்று ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் எழுதியவை தனியாக வரும். பொட்டாசியம் குறைந்து, சிறுநீரக நுண்குழாய் பாதிப்பால் ரத்தத்தில் அமிலம் கூடும் கதை ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்டுவிட்டது. உங்கள் கேஸும் அதே கதைதான் என்றால் எடிட்டர் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்புவார். ஸ்க்ரப் டைஃபஸ், எலி பேஸ்ட் கல்லீரல் பாதிப்பு, ஹேர் டை நஞ்சு எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். கூடுதலாக நீங்கள் கவனித்தது என்ன என்பதுதான் கேள்வி.

தேடிய சொற்களையும் தேதியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "உலகிலேயே முதல் கேஸ்" என்று எழுதினால், ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூயர் பத்து நிமிடத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்துக் காட்டுவார். "இந்தத் தேதி வரை இந்தச் சொற்களைக் கொண்டு பப்மெட்டில் தேடியதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பதவி உயர்வுக்காக எழுதுவோர் இதையும் கவனியுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 ஆசிரியர் தகுதி விதிகளில் ஆய்வுக் கட்டுரை, மெட்டா அனாலிசிஸ், சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, கேஸ் சீரிஸ் ஆகியவைதான் கணக்கில் வந்தன. ஒற்றைக் கேஸ் ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. 2025-இல் புதிய தகுதி விதிமுறை வந்திருக்கிறது. உங்களுக்குப் பொருந்தும் விதியை ஆணையத்தின் தளத்திலேயே படித்துவிடுங்கள், ஸ்டாஃப் ரூம் பேச்சை நம்ப வேண்டாம். ஒரே மாதிரி நான்கைந்து கேஸ்கள் துறையில் இருந்தால் கேஸ் சீரிஸாக எழுதுவது புத்திசாலித்தனம். ஆனால் அதற்கு, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி வேலை கூடும், மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. சம்மதக் கையெழுத்து

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். அட்மிஷனின்போது வாங்கிய சம்மதமோ ஆபரேஷன் கன்சென்ட்டோ இதற்குச் செல்லாது. "இது போதனை மருத்துவமனை, விவரங்கள் கல்விக்குப் பயன்படும்" என்று கேஸ் ஷீட்டில் அச்சிட்டிருக்கும் வரியும் செல்லாது. வெளியீட்டுக்கென்று தனியாக எழுத்தில் சம்மதம் வேண்டும்.

எந்தப் படிவம் என்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள். சில ஜர்னல்கள் தங்கள் சொந்தப் படிவத்தில் மட்டுமே கையெழுத்து கேட்கும், அதைக் கட்டுரையோடு ஏற்றச் சொல்லும். பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் அப்படிப்பட்டது. வேறு சில, படிவத்தை அனுப்பவே வேண்டாம், உங்கள் மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டுங்கள் என்கும். எந்த ஜர்னல் என்று முடிவாகாத நிலையில் நான் சொல்லும் வழி இது: கல்லூரியின் தமிழ்ப் படிவம் ஒன்று, முதலில் முயல நினைக்கும் ஜர்னலின் படிவம் ஒன்று, இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டாவது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், அதில் உள்ளதை வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்லி, படித்துச் சொன்னவர் யார் என்றும் எழுதுங்கள்.

கல்லூரிப் படிவத்தில் இவையெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்:

- பெயர் அச்சாகாது, ஆனாலும் தெரிந்தவர்கள் யாராவது அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு என்ற வரி
- இணையத்தில் உலகில் எவரும் படிக்கலாம் என்ற வரி
- வெளியாகும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், வெளியான பிறகு முடியாது என்ற வரி
- மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது, சம்மதித்தால் பணமும் கிடையாது என்ற வரி
- போட்டோவுக்குத் தனி டிக், குறிப்புகளுக்குத் தனி டிக்

மூன்றாவது வரியைத்தான் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். "நெட்ல வந்துட்டா அப்புறம் எடுக்க முடியாதும்மா, யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ராத்திரி அவகாசம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் தெளிவாகச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடுவார்கள். ரவுண்ட்ஸ் கூட்டம் சுற்றி நிற்கும்போது மட்டும் கேட்காதீர்கள். பத்து வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள்.

படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, கூடவே சிகிச்சைக் குழுவைச் சேராத ஒரு சாட்சி. குழந்தை என்றால் பெற்றோர் சம்மதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.-இன் 2017 நெறிமுறை, ஆய்வில் சேரும் 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழி இசைவும் 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் கேட்கச் சொல்கிறது. இதற்கும் அதையே பின்பற்றுங்கள். இறந்தவர் என்றால் நெருங்கிய உறவினர். துக்கத்தின் முதல் நாட்களில் கேட்க வேண்டாம். ஆனால் முகவரியும் இரண்டு போன் நம்பரும் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். ஒன்று நோயாளி வீட்டினுடையது, மற்றொன்று பக்கத்து வீட்டாருடையதோ உறவினருடையதோ.

சில கேஸ்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஹெச்.ஐ.வி. நிலையை வெளியிடுவது பற்றி 2017 சட்டம் கடுமையாகவே பேசுகிறது. போக்சோ வழக்குள்ள குழந்தையின் அடையாளம் எந்த வடிவிலும் வெளியே வரக்கூடாது. தற்கொலை முயற்சிக்குப் பிறகு வந்தவரிடம் மனநலத் துறையினர் பார்த்துத் தேறிய பிறகு, ஃபாலோ அப்பில் கேளுங்கள். தயக்கம் தெரிந்தால் அந்தக் கேஸை விட்டுவிடுங்கள். வேறு கேஸ் வரும்.

சம்மதம் வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிவிடவும் கூடாது. தேதிகளை "முதல் நாள்", "ஒன்பதாம் நாள்" என்று மாற்றுங்கள். வயதை "நாற்பதுகளில் உள்ள பெண்" என்று எழுதச் சொல்லும் ஜர்னல்களும் உண்டு. ஊர்ப்பெயர் வேண்டாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத விவரங்கள் சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மாவட்டம், தொழில், விபத்து நடந்த விதம் மூன்றையும் எழுதினால் உள்ளூர்ப் பத்திரிகை படித்தவர்களுக்கு அது யார் என்று தெரிந்துவிடும்.

3. எத்திக்ஸ் கமிட்டி, டீன் அலுவலகம், எம்.ஆர்.டி.

ஒற்றைக் கேஸ் ரிப்போர்ட்டுக்கு முழு ஆய்வு அனுமதி தேவையில்லை என்பதே பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். மூன்று கேஸ் வரை இப்படி விட்டுவிட்டு, அதற்கு மேல் போனால் ஆய்வாகக் கருதும் கமிட்டிகள் நிறைய. ஆனால் "தேவையில்லை" என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சப்மிஷன் படிவத்தில் கமிட்டி எண்ணோ விலக்குக் கடிதமோ கேட்கும் ஜர்னல்கள் கூடிக்கொண்டே வருகின்றன. ஏற்றுக்கொள்ளும் தறுவாயில் கேட்டார்கள் என்றால், அடுத்த கமிட்டிக் கூட்டம் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் மாதம் ஒருமுறை கூடுவார்கள், சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

விலக்குக் கடிதத்துக்குக் கொடுக்க வேண்டியவை: துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்க விண்ணப்பம், அரைப்பக்கக் கேஸ் சுருக்கம், நிரப்பாத சம்மதப் படிவத்தின் மாதிரி. நோயாளி கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கமிட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதில் அவர் பெயர் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. சில தனியார் கல்லூரிகளில் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி: கேஸ் சீரிஸுக்கான கேஸ்களைச் சேகரித்து முடித்து, எழுதியும் முடித்துவிட்டு, பிறகு அனுமதி கேட்பது. பின்தேதியிட்டு அனுமதி தர எந்தக் கமிட்டியாலும் முடியாது, கேட்கவும் கூடாது. பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வுக்கும் புரட்டத் தொடங்கும் முன்பே அனுமதி வேண்டும். கிளினிக்கல் ட்ரயல் ரெஜிஸ்ட்ரியான சி.டி.ஆர்.ஐ. பதிவு கேஸ் ரிப்போர்ட்டுக்குத் தேவையில்லை. சிகிச்சை முறையை ஒப்பிடும் ஆய்வாக மாறினால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பிந்தைய பதிவு கிடையாது. அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் ஆனதும் அது மருத்துவப் பதிவேடுகள் துறையான எம்.ஆர்.டி.க்குப் போய்விடும். அப்புறம் திரும்ப எடுக்க விண்ணப்பம், கையெழுத்து, காத்திருப்பு என்று நீளும். ஆகவே ஐ.பி. எண், ஓ.பி. எண், எக்ஸ்ரே எண், பயாப்சி எண் நான்கையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். ஐ.பி. எண் இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் எம்.ஆர்.டி.யில் எடுக்க முடியாது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நஞ்சு, விபத்து, தீக்காயம் என்றால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் ஏறிய மெடிக்கோ லீகல் கேஸ், அதாவது சட்ட விசாரணைக்கு வரக்கூடியது. அந்தக் கேஸ் ஷீட் தனிப் பூட்டில் இருக்கும், எடுக்க ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) வழியாக டீன் அனுமதி தேவைப்படும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வெளியிடுவதற்கு முன் துறைத்தலைவரிடம் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்.

4. படங்கள்: துறைக்குத் துறை மாறும்

முதலில் எல்லாத் துறைக்கும் பொதுவானது. முகத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவே அது போதாது என்று எழுதிவைத்திருக்கிறது. முகம் தேவையில்லை என்றால் முகமே படத்தில் வேண்டாம். நம் ஊரில் இன்னொன்று, கையில் குத்திய பச்சை. கணவர் பெயரோ பிள்ளை பெயரோ முன்கையில் தெளிவாக எழுதியிருக்கும், தோல் புண்ணைப் பார்க்கும் அவசரத்தில் நம் கண்ணுக்கு அது படாது. கட்டில் எண் பலகை, மணிக்கட்டுப் பட்டை இவையும் அப்படித்தான். மொபைலில் எடுப்பதாக இருந்தால் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள்.

எடுத்த படத்தை வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். ஜர்னல் கேட்கும் தெளிவு அதில் இருக்காது, பிறகு அசலைத் தேடினால் போனில் இடமில்லை என்று யாரோ அழித்திருப்பார்கள். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அதையும் சிகிச்சைக் குழுவுக்குள் மட்டும். பேட்ச் குரூப்பில் "கெஸ் தி டயக்னோசிஸ்" என்று போடுவது வேண்டவே வேண்டாம். நோயாளி சம்மதித்தது அதற்கு அல்ல.

தோல் துறை: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே தூரம், அதே வெளிச்சம், பின்னால் ஒரே நிறத் துணி. ஃபாலோ அப் படம் இல்லாமல் "நன்கு குணமடைந்தார்" என்று எழுதினால் ரிவ்யூயர் கேட்பார்.

ரேடியாலஜி: ஃபிலிமை ஜன்னலில் வைத்துப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது, அச்சில் அது அசிங்கமாக இருக்கும். ரேடியாலஜி கம்ப்யூட்டரிலிருந்தே பெயர் நீக்கி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பவர்பாயிண்ட்டில் பெயரை க்ராப் செய்வதில் ஒரு வில்லங்கம் உண்டு. க்ராப் செய்த பகுதி கோப்புக்குள் அப்படியே ஒளிந்திருக்கும், யார் வேண்டுமானாலும் இழுத்து விரித்துப் பார்க்கலாம். வெட்டிய படத்தைப் புதிய படமாகச் சேமித்து, அதைத்தான் ஏற்ற வேண்டும். ஈ.சி.ஜி. தாளின் மேல்மூலை, ஃபண்டஸ் கேமரா பிரிண்ட், எண்டோஸ்கோபி அறிக்கை எல்லாவற்றிலும் பெயரும் எண்ணும் தானாகவே அச்சாகியிருக்கும்.

அறுவை சிகிச்சை: வெட்டி எடுத்த பகுதியை ஃபார்மலினில் போடும் முன்பு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஃபார்மலினில் போட்டால் நிறம் மாறிவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல கேமராவும் உதவாது. தியேட்டர் சிஸ்டரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

நோயியல்: ஸ்லைடு படத்தின் கீழே சாயம் என்ன, எத்தனை மடங்கு உருப்பெருக்கம் என்று எழுதியாக வேண்டும். பேத்தாலஜிஸ்ட்டைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். "படம் மட்டும் குடுங்க" என்று கடைசி வாரத்தில் போய் நிற்பது மரியாதையும் இல்லை, படமும் நன்றாக வராது.

மருந்துப் பக்கவிளைவு என்றால் மருந்தின் ஜெனரிக் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், பேட்ச் எண் ஆகியவற்றைக் குறியுங்கள். அந்த மருந்துதான் காரணமா என்று மதிப்பிடும், பத்துக் கேள்விகள் கொண்ட நரஞ்சோ மதிப்பெண்ணைக் கணக்கிட்டு வையுங்கள், ரிவ்யூயர் கட்டாயம் கேட்பார். கட்டுரை வருவது வரட்டும், அதற்கு முன் உங்கள் கல்லூரியில் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் ஏ.டி.ஆர். மையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். மையம் இல்லாத இடத்தில் இருந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

5. ஆசிரியர் பட்டியலை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இது சண்டை வரும் இடம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள் ஆகமாட்டார்கள். வேலையில் உருப்படியான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். மற்றவர்களுக்கு நன்றிப் பகுதி இருக்கிறது. சில ஜர்னல்கள் கேஸ் ரிப்போர்ட்டுக்கு நான்கு பேருக்கு மேல் ஏற்பதில்லை. துறைத்தலைவர் பெயரைச் சேர்ப்பது மரபு என்று யாராவது சொன்னால், ஜர்னலின் இந்த வரம்பை அச்சிட்டுக் காட்டுவது மென்மையான வழி. வரிசை முடிவானதும் எல்லோருக்கும் ஒரே மெயிலில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகு பெயரைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் எல்லோரின் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.

ஜர்னலோடு தொடர்புகொள்ளும் கரஸ்பாண்டிங் ஆசிரியராகத் தரும் மெயில் ஐ.டி., பி.ஜி. முடிந்தும் உயிரோடு இருப்பதாக இருக்கட்டும்.

6. எழுதுவது

வெற்றுத் தாளில் தொடங்காதீர்கள். கேஸ் ரிப்போர்ட்டுக்கான கேர் (CARE) செக்லிஸ்ட்டைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். 2013-இல் வந்த, 13 தலைப்புகள் கொண்ட பட்டியல், இலவசம். தலைப்பு, சுருக்கம், நோயாளி விவரம், பரிசோதனை, காலவரிசை, சிகிச்சை, ஃபாலோ அப், நோயாளியின் சொந்தப் பார்வை, சம்மதம் என்று எதை எங்கே எழுத வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அறுவை சிகிச்சைக் கேஸ் என்றால் ஸ்கேர் (SCARE) என்ற தனிப் பட்டியல். அது அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது, கடைசிப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். பல ஜர்னல்கள், எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று நிரப்பிய பட்டியலையும் சேர்த்து அனுப்பச் சொல்லும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை: முதலில் காலவரிசை அட்டவணை. எந்த நாள், என்ன அறிகுறி, என்ன பரிசோதனை, என்ன முடிவு, என்ன சிகிச்சை. இதைப் போட்டதுமே எந்த ரிப்போர்ட் கையில் இல்லை என்பது தெரிந்துவிடும். அப்புறம் கேஸ் பகுதி, அப்புறம் விவாதம், கடைசியில் சுருக்கமும் தலைப்பும். ரத்தப் பரிசோதனை எண்களுக்குப் பக்கத்தில் உங்கள் லேபின் இயல்பு அளவையும் அலகையும் போடுங்கள். இயல்பாக வந்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம், நோயறிதலை மாற்றியிருக்கக்கூடியவை மட்டும் போதும்.

விவாதப் பகுதியில் நோயைப் பற்றிய பாடப்புத்தக அத்தியாயத்தை எழுதுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். நோயின் வரலாறு யாருக்கும் வேண்டாம். உங்கள் நோயாளி, முன்பு எழுதப்பட்டவர்களிடமிருந்து எங்கே வேறுபடுகிறார், வேறு எந்த நோயாக இருந்திருக்கலாம், அதை எப்படி விலக்கினீர்கள், உங்களால் செய்ய முடியாத பரிசோதனை எது. கடைசியாகச் சொன்னதை மறைக்காதீர்கள். மரபணுப் பரிசோதனைக்கு வசதி இல்லை என்று நேராக எழுதினால் ரிவ்யூயர்கள் புரிந்துகொள்வார்கள்.

மேற்கோள்களுக்கு ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் போதும். முழுக் கட்டுரை கிடைக்கவில்லை என்றால் நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பல ஆயிரம் ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியும். ஏ.ஐ. கருவியைக் கொண்டு ஆங்கிலத்தைச் சரிசெய்தால் அதைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். நோயாளி விவரம் உள்ள கேஸ் ஷீட்டை அப்படியே அதில் ஒட்டாதீர்கள். அது தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் பப்மெட்டில் சரிபாருங்கள், இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு.

7. ஜர்னலும் பணமும்

செலவு முழுவதும் இங்கேதான் இருக்கிறது, ஏமாற்றும் இங்கேதான். இதுவரை சொன்ன படிகளில் ஜெராக்ஸ் காசைத் தவிரப் பெரிதாக எதுவும் செலவாகியிருக்காது.

பொதுவாக மூன்று வகை. சந்தா ஜர்னல்களில் எழுதியவர் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் கேஸ் ரிப்போர்ட்டை ஏற்பவை குறைவு. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களில் ஏற்றபின் ஏ.பி.சி. என்ற வெளியீட்டுக் கட்டணம் உண்டு. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுபவையும் இருக்கின்றன. மூன்றாவது, கட்டணமே வாங்காத ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்கள். மருத்துவச் சங்கங்கள் நடத்தும் சில ஜர்னல்கள் இந்த வகை, சில உறுப்பினர்களுக்குச் சலுகை தருபவை. டோஜ் (DOAJ) என்று எல்லோரும் சொல்லும் ஓப்பன் ஆக்சஸ் பட்டியலில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் வேறு மாதிரி: ஆசிரியர்களில் ஒருவரிடமோ உங்கள் நிறுவனத்திடமோ அவர்களின் ஃபெலோஷிப் சந்தா இருக்க வேண்டும்.

கட்டண விலக்கு பற்றி ஒரு தவறான நம்பிக்கை சுற்றுகிறது. வளரும் நாடுகளுக்கு இலவசம் என்பார்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் தானாக விலக்கு தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. தனிப்பட்ட முறையில் கேட்கலாம், ஆனால் சப்மிஷனின்போதே கேட்க வேண்டும். ஏற்புக் கடிதம் வந்தபின் கேட்டால் மறுத்துவிடுவார்கள். டாலரிலோ பவுண்டிலோ கட்டணம் என்றால் வரி, கார்டின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் இரண்டும் மேலே ஏறும். கலர் படத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள்.

போலி ஜர்னல்களை எப்படிக் கண்டுகொள்வது? "மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களே" என்று தொடங்கும் மெயில் தானாக வந்தாலே எச்சரிக்கை ஆகுங்கள். தோல் துறைக்காரருக்கு வேளாண்மை ஜர்னலிலிருந்து அழைப்பு வருவதெல்லாம் சகஜம். மூன்று நாளில் ஏற்பு, ஒரு கேள்வியும் இல்லாத ரிவ்யூ, உடனே பணம் கட்ட இணைப்பு என்றால் விலகிவிடுங்கள். தளத்தில் "பப்மெட் இண்டெக்ஸ்ட்" என்று எழுதியிருப்பதை நம்பாமல், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் ஜர்னல் பெயரைப் போட்டுப் பாருங்கள். டோஜ், இன்னொரு ஜர்னல் பட்டியலான ஸ்கோப்பஸ் இரண்டையும் அவற்றின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். கூகிள் ஸ்காலர், ஐ.எஸ்.எஸ்.என். எண் இவை இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது. நல்ல ஜர்னலின் பெயரையும் முகப்பையும் அப்படியே நகல் எடுத்த போலித் தளங்களும் உண்டு. இணைப்பைக் கேட்டலாகிலிருந்து எடுங்கள், வந்த மெயிலிலிருந்து எடுக்காதீர்கள்.

வாட்ஸாப்பில் "இரண்டாம் ஆசிரியர் இடம் காலி, இவ்வளவு ரூபாய்" என்று விளம்பரம் வரும். அதை அழித்துவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய பெயர் பின்னாளில் கட்டுரை திரும்பப் பெறப்படும்போது உங்கள் பெயரோடுதான் நிற்கும்.

8. அனுப்புவது

தேவைப்படும் கோப்புகள்: பெயர்கள் உள்ள முதல் பக்கம் தனியாக, பெயர் இல்லாத கட்டுரை தனியாக, படங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கவர் லெட்டர், நிரப்பிய கேர் பட்டியல், விலக்குக் கடிதம், கேட்டால் சம்மதப் படிவம். எல்லாம் ஒரே ஃபோல்டரில் தயாராக இருந்தால் ஒரு மாலையில் ஏற்றிவிடலாம். கவர் லெட்டர் அரைப்பக்கம் போதும். முதல் படியில் ஒரே வாக்கியத்தில் சொன்ன பதிலை அதில் முதல் வரியாக எழுதுங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தொல்லை. படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும். நமக்கு இருப்பதோ இனிஷியல். சிலர் இனிஷியலைக் கடைசிப்பெயராகப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரை விரிப்பார்கள், அடுத்த கட்டுரையில் மாற்றிப் போடுவார்கள். பப்மெட்டில் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். மருத்துவக் கவுன்சில் பதிவில் இருப்பதற்கு நெருக்கமான ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆசிரியரை அடையாளம் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்கிட் (ORCID) எண்ணை எடுத்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பக்கூடாது. ஒன்று மறுத்த பிறகுதான் அடுத்தது.

9. பதில் வரும்வரை, வந்தபிறகு

எடிட்டரே திருப்பி அனுப்புவதாக இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். ரிவ்யூவுக்குப் போனால் மாதங்கள் ஆகலாம். தளத்தில் "அண்டர் ரிவ்யூ" என்று அசையாமல் நின்றால், மூன்று மாதம் கழித்துப் பணிவாக ஒரு மெயில் போடலாம். கோர்ஸ் முடியும் வருடத்தில் முதல் கேஸை அனுப்பினால் இந்தக் காத்திருப்பு தேர்வோடு மோதும். ஆகவே முதல் வருடக் கடைசியிலேயே அனுப்பப் பாருங்கள்.

திருத்தம் கேட்டால் சந்தோஷப்படுங்கள், பாதிக் கதவு திறந்துவிட்டது. ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதி, கீழே பதிலையும், எந்தப் பக்கத்தில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத கேள்விக்குக் காரணம் சொல்லி மறுக்கலாம், ஆனால் பதில் சொல்லாமல் விடக்கூடாது. புதிய ஃபாலோ அப் விவரம் கேட்பார்கள் என்பதால் அந்த இரண்டு போன் நம்பரும் இப்போது உதவும். மறுத்துவிட்டால், சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டு அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள். அதே ரிவ்யூயரிடமே மறுபடி போகவும் வாய்ப்பு உண்டு, ஒன்றும் மாற்றாமல் அனுப்பினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

10. வெளியான பிறகு

அச்சுக்கு முன் சரிபார்க்க ப்ரூஃப் வந்தால் திருப்பி அனுப்ப இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். பெயர்கள், கல்லூரிப் பெயர், மருந்து அளவுகளின் தசமப் புள்ளி, படத்தின் கீழ்க்குறிப்பு நான்கையும் ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். வெளியானபின் திருத்தம் போடலாம்தான், ஆனால் அது தனி அலைச்சல்.

கையெழுத்திட்ட அசல் சம்மதப் படிவம் துறையில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், ஐ.பி. எண்ணோடு பதிவேட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். நீங்கள் கோர்ஸ் முடித்துப் போனபிறகு ஜர்னல் கேட்டால் துறையில் யாராவது எடுத்துத் தர வேண்டும். நோயாளி கட்டுரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தால் ஃபாலோ அப்பில் ஒரு பிரதி கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்.

வெளியான அன்றே பி.டி.எஃப்.-ஐயும், ஜர்னல் அன்றைக்கு எந்தெந்தப் பட்டியலில் இருக்கிறது என்று காட்டும் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதி தெரிய எடுத்து வையுங்கள். ஜர்னல்கள் இந்தப் பட்டியல்களிலிருந்து நீக்கப்படுவது உண்டு. சில வருடம் கழித்து நேர்முகத்தேர்வில் கேட்கும்போது, வெளியான காலத்தில் அது பட்டியலில் இருந்தது என்பதைக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.